வந்திறங்கும் நாள்

1984 ஜூலை 5. நேபிள்ஸ் நகரத்துச் சான் பாவ்லோ மைதானத்தில் அன்று ஆட்டம் எதுவும் இல்லை. எதிரணி இல்லை, நடுவர் இல்லை, புள்ளிப்பட்டியலில் கூட்டவோ கழிக்கவோ எதுவும் இல்லை. ஆனாலும் 70,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். 23 வயது இளைஞர் ஒருவர் படியேறி வந்து, கையசைத்து, இத்தாலிய மொழியில் இரண்டு வார்த்தை பேசி, பந்தைச் சில முறை காலால் தட்டி வானத்தை நோக்கி உதைப்பதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். பார்சிலோனாவிலிருந்து நப்போலி கிளப் வாங்கிவந்த தியேகோ மரடோனா அவர். விலை சுமார் 1,300 கோடி லிரா. அதுவரை உலகில் எந்த ஆட்டக்காரருக்கும் எந்த கிளப்பும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இத்தனைக்கும் கொடுத்தது ஒரு சாதாரண கிளப். முந்தைய சீசனில் நப்போலி முடித்தது 12-ஆம் இடத்தில். இரண்டாம் பிரிவுக்கு இறங்குவதிலிருந்து ஒரே ஒரு புள்ளியில் தப்பியிருந்தது. லீக் பட்டத்தை அது ஒருமுறைகூட வென்றதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1980 நவம்பரில், தெற்கு இத்தாலியைக் குலுக்கிய நிலநடுக்கம் கிட்டத்தட்ட 3,000 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். வேலையின்மை ஒருபுறம், கமோரா என்னும் குற்றக்கும்பலின் பிடி மறுபுறம். வடக்கு நகரங்களுக்கு ஆடப் போனால், ஊருக்கு அருகிலுள்ள எரிமலையை அழைத்து இவர்களைப் பொசுக்கச் சொல்லும் பதாகைகள் வரவேற்கும். மரடோனாவின் அறிமுகச் செய்தியாளர் கூட்டத்திலேயே கமோரா பணத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. கிளப் தலைவர் கொர்ராதோ ஃபெர்லாய்னோ கொதித்துப்போய்க் கேட்டவரை வெளியேற்றினார்.

பல ஆண்டுகளாக ஏளனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த ஊருக்கு உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் வந்து நிற்கிறார். மிலானுக்கோ டூரினுக்கோ அல்ல, தங்களுக்கு. ஜூலை 5-ஆம் தேதிக் கூட்டம் வரும் சீசனுக்கு ஜோசியம் பார்க்க வந்ததாகச் சொல்வது அந்த ஊரைத் தெரியாதவர் பேச்சு. நடந்து முடிந்த ஆண்டுகளுக்கான பதிலை அன்று அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

சீசன் தொடங்கியதும் முதல் லீக் ஆட்டத்திலேயே வெரோனாவிடம் 3-1 எனத் தோற்றது நப்போலி. அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றதும் அதே வெரோனாதான். நப்போலிக்கு 8-ஆம் இடம். பட்டம் வந்து சேர 1987 மே 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1989-இல் யூஇஎஃப்ஏ கோப்பை, 1990-இல் இரண்டாம் லீக் பட்டம். 1991-இல் போதைமருந்துச் சோதனையில் சிக்கித் தடை பெற்று மரடோனா ஊரைவிட்டுப் போனார். போன விதம் எப்படியானாலும் ஊர் அவரைக் கைவிடவில்லை. 2020-இல் அவர் இறந்தபோது, அவர் வந்திறங்கிய மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

புதிய ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தமானார் என்ற செய்தி கேட்டதும் ரசிகர்கள் ஏன் இப்படிப் பொங்குகிறார்கள்? இன்னும் ஒரு பந்தைக்கூட உதைக்காதவருக்கு எதற்கு மாலை? இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது, பெரும்பாலும் இளக்காரமாக. ரசிகரை ஏமாளியாகக் காட்டும் இந்தப் பார்வை தவறு. வரவேற்பின் அளவு ஆட்டக்காரரின் எதிர்காலத்தைச் சொல்வதில்லை. வரவேற்கும் ஊரின் நேற்றைச் சொல்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளின் பெரிய வரவேற்புகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

1996 கோடையில் நியூகாசில் என்ன நிலையில் இருந்தது என்று பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் லீக் அட்டவணையில் 12 புள்ளி முன்னணி. மே மாதத்தில் இரண்டாம் இடம். பட்டம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனது. அந்த ரணம் ஆறும் முன்பே, அதே யுனைடெட் விரும்பிய ஆலன் ஷியரரை 1.5 கோடி பவுண்டு என்ற உலகச் சாதனைத் தொகைக்கு பிளாக்பர்னிலிருந்து கொண்டுவந்தார் மேலாளர் கெவின் கீகன். செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்துக்கு வெளியே சுமார் 15,000 பேர் கூடினார்கள். ஷியரர் அந்த ஊர்ப் பிள்ளை, தகரப்பட்டறைத் தொழிலாளியின் மகன். 1982-இல் இதே கீகன் நியூகாசிலுக்கு ஆட வந்தபோது, அவரது முதல் ஆட்டத்தைப் பார்க்க வரிசையில் நின்ற 12 வயதுச் சிறுவன். ஒரு வரவேற்பின் கூட்டத்தில் நின்றவன் அடுத்த வரவேற்பின் நாயகனாக வந்தான். இப்படி ஒரு தொடர்ச்சி எந்தக் காசுக்கும் கிடைக்காது.

பட்டம் வந்ததா? வரவில்லை. பத்து ஆண்டுகள் ஆடி 206 கோல் அடித்தும், 1998, 1999 என இரண்டு எஃப்ஏ கோப்பை இறுதியாட்டங்களிலும் தோல்விதான். ஆனாலும் அந்த வரவேற்பு வீணானது என்று நியூகாசிலில் ஒருவரும் சொல்லமாட்டார். மைதானத்தருகே அவருக்குச் சிலை இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்த கிளப் லீக் கோப்பையை வென்றபோது, வெம்பிளியில் துள்ளிக் குதித்த ரசிகர்களில் ஷியரரும் ஒருவர்.

நேபிள்ஸிலும் நியூகாசிலிலும் தானாகப் பீறிட்ட உணர்ச்சியை ஒரு நிகழ்ச்சியாக வடிவமைத்த கிளப் ரியல் மாட்ரிட். அதன் பின்னாலும் ஒரு காயம் உண்டு. 2009 மே மாதம் சொந்த மைதானமான பெர்னபேவில் பார்சிலோனாவிடம் 6-2 எனத் தோற்றது மாட்ரிட். பார்சிலோனா அந்த ஆண்டு மூன்று பெரிய கோப்பைகளையும் அள்ளிச் சென்றது. ஜூனில் ஃபுளோரெண்டினோ பெரெஸ் மீண்டும் தலைவரானார். அந்த மாதக் கடைசியில், புதிதாக வாங்கிய ஆட்டக்காரர் காக்காவைக் காண சுமார் 50,000 பேர் வந்தார்கள். ஜூலை 6 அன்று, 9.4 கோடி யூரோவுக்கு வாங்கப்பட்ட கிறிஸ்டியானோ ரொனால்டோவைக் காண சுமார் 80,000 பேர். மேடையில் பழைய நட்சத்திரங்களான ஆல்ஃபிரெதோ தி ஸ்தெஃபானோவும் யூசேபியோவும் நின்றார்கள். ரொனால்டோ கூட்டத்தை மூன்று வரை எண்ணவைத்து கிளப்பின் முழக்கத்தைச் சொல்லவைத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில், மூன்றாம் பிரிவில் ஆடும் அல்கோர்கோன் என்ற சிறு கிளப்பிடம் ஸ்பெயின் கோப்பை ஆட்டத்தில் 4-0 எனத் தோற்றது மாட்ரிட். காயம்பட்டிருந்த ரொனால்டோ அன்று ஆடவில்லை. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் பெர்னபேவிலேயே நடந்த அந்த ஆண்டில், லியோனிடம் தோற்று முன்பே வெளியேறியது. ஒரு கோப்பைகூட இல்லை. அன்று சிரித்தவர்கள் பிறகு வாயடைத்துப் போனார்கள். ஒன்பது ஆண்டுகளில் 438 ஆட்டங்களில் 450 கோல், நான்கு சாம்பியன்ஸ் லீக் என்று போனது ரொனால்டோவின் கணக்கு. காக்காவுக்கோ முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரே வாரத்தில், ஒரே புல்வெளியில், ஏறத்தாழ ஒரே ஆரவாரத்தோடு வந்த இருவர்.

பத்தாண்டு கழித்து ஈடன் ஹசார்ட் வந்தார். 2019 ஜூன், மறுபடி சுமார் 50,000 பேர், விலை 10 கோடி யூரோவுக்கு மேல். செல்சியில் 110 கோல் அடித்துவிட்டு வந்தவர் அவர், குருட்டு நம்பிக்கைக்கு இடமே இல்லை. அந்த நவம்பரில் பாரிஸின் பிஎஸ்ஜிக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் அடிபட்டது. அதோடு அவர் பழைய ஹசார்டாக ஆகவே இல்லை. நான்கு ஆண்டுகளில் 76 ஆட்டம், 7 கோல். அந்த 50,000 பேரில் யாரை ஏமாளி என்பது?

உண்மையில் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப்கள். தலைவரை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2000 தேர்தலில் பெரெஸ் எதிர்த்து நின்றது, சில வாரங்களுக்கு முன்புதான் சாம்பியன்ஸ் லீக் வென்றிருந்த லொரென்சோ சான்ஸை. வெல்ல வழியே தெரியாத நிலையில் ஒரே வாக்குறுதி தேர்தலைப் புரட்டிப்போட்டது: பார்சிலோனாவின் லூயிஸ் ஃபிகோவைக் கொண்டுவருவேன், முடியாவிட்டால் உறுப்பினர்களின் சந்தாவை நானே கட்டுகிறேன் என்றார். வென்றார், கொண்டுவந்தார். பார்சிலோனா ரசிகர்கள் இதை மன்னிக்கவில்லை. 2002 நவம்பரில் ஃபிகோ அங்கே கார்னர் உதைக்கப் போனபோது பறந்துவந்த பொருள்களில் ஒரு பன்றித் தலையும் இருந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது.

மறு ஆண்டு பார்சிலோனாவிலும் தேர்தல். ஜோன் லபோர்த்தா டேவிட் பெக்காமைக் காட்டி ஓட்டுக் கேட்டு வென்றார். பெக்காம் போனது மாட்ரிடுக்கு. கைக்கு வந்தவர் ரொனால்டினோ. சொந்த மைதானத்தில் அவரது முதல் லீக் ஆட்டம் 2003 செப்டம்பர் 3 அன்று, நள்ளிரவு தாண்டி 12:05-க்குத் தொடங்கியது. தேசிய அணிகளுக்கு ஆட்டக்காரர்களை அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியதால் செவில்யா அணியோடு ஏற்பட்ட தகராறின் விளைவு அது. நடுராத்திரியில் யார் வருவார்கள்? சுமார் 80,000 பேர் வந்தார்கள். ரொனால்டினோ பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து, தொலைவிலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்புறம் மோதி உள்ளே போனது. 1999-க்குப் பிறகு லீக் பட்டம் பார்க்காத கிளப் அது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு லீக் பட்டமும் ஒரு சாம்பியன்ஸ் லீக்கும் அங்கே வந்தன. தேர்தலில் சொன்ன பெயர் ஒன்று, வந்த பெயர் வேறு. நல்லவேளையாக வந்தவர் ரொனால்டினோ.

ஒரு ஊருக்குக் கொண்டாட்டம் என்றால் இன்னொரு ஊருக்கு இழவு. 1990 மே மாதம் ஃபியோரென்டினா கிளப் தன் செல்லப்பிள்ளை ரொபெர்த்தோ பாஜோவை உலகச் சாதனைத் தொகைக்கு யுவென்டஸுக்கு விற்றது. ஃபுளோரன்ஸ் தெருக்களில் கலவரம் வெடித்து, சுமார் 50 பேர் காயமடைந்தார்கள். மறு ஆண்டு அதே ஊருக்கு எதிரணியாக வந்த பாஜோ பெனால்டி உதைக்க மறுத்தார். மாற்றப்பட்டு வெளியேறும்போது, கூட்டத்திலிருந்து விழுந்த ஃபியோரென்டினாவின் ஊதாநிறக் கழுத்துத் துணியைக் குனிந்து எடுத்துக்கொண்டார். வாங்கிய கிளப்பின் ரசிகர்களுக்கு அது பிடித்திருக்காது. ஆனால் ஒப்பந்தத் தாளில் எழுதப்படாத ஒரு கணக்கு ஆட்டக்காரருக்கும் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

சொந்த ரசிகர்களே கொதித்த வரவும் உண்டு. 1989 ஜூலையில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப், மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரை எடுத்தது. புராட்டஸ்டன்ட் கிளப் என்று அறியப்பட்ட ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகளாகத் தெரிந்தே ஒரு பிரபல கத்தோலிக்கரைச் சேர்த்ததில்லை. போதாததற்கு அவர் பரம எதிரி செல்டிக்கின் முன்னாள் ஆட்டக்காரர். இரண்டு மாதம் முன்புதான் செல்டிக் அவரைத் தன் ஜெர்சியோடு நிறுத்தி, திரும்பி வருகிறார் என்று அறிவித்திருந்தது. மேலாளர் கிரேம் சூனெஸ் அதற்கெல்லாம் அசையவில்லை. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் கழுத்துத் துணியையும் சீசன் டிக்கெட்டையும் எரித்தார்கள். நவம்பரில் செல்டிக்கை வீழ்த்திய கோலை அடித்தவர் ஜான்ஸ்டன். எரித்த கைகளே தட்டின. ஒரு ஒப்பந்தம் ஒரு கிளப்பின் பழைய வெறுப்பை உடைக்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு கால்பந்தில் இல்லை.

பணக் கணக்கு என்ன சொல்கிறது? சைமன் கூப்பரும் பொருளாதார அறிஞர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் எழுதி 2009-இல் வந்த ‘சாக்கர்னாமிக்ஸ்’ நூல் இதை அலசியது. 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்து கிளப்களை எடுத்துப் பார்த்ததில், லீக்கில் ஒரு கிளப் பிடிக்கும் இடத்துக்கும் அது தரும் சம்பளத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. இடங்களின் ஏற்றத்தாழ்வில் 92 சதவீதத்தைச் சம்பளம் விளக்கியது. டிரான்ஸ்பர் செலவு விளக்கியதோ வெறும் 16 சதவீதம். அதாவது கோடை முழுக்கப் பேசப்படும் அந்தப் பெரிய தொகை, வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. ஜெர்சி விற்றே போட்ட பணத்தை எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சும் பெரும்பாலும் கட்டுக்கதை. விற்பனையில் பெரும்பங்கு தயாரிக்கும் நிறுவனத்துக்கும் கடைக்கும் போய்விடும்.

ஃபெர்னாண்டோ டோரஸை 2011 ஜனவரி 31 அன்று 5 கோடி பவுண்டு கொடுத்து செல்சி வாங்கியது. லிவர்பூலில் அவர் ஜெர்சியைக் கொளுத்தினார்கள். செல்சிக்கு அவர் முதல் கோலை அடிக்க 14-ஆவது ஆட்டம் வரை ஆனது. ஆனால் 2012 ஏப்ரலில் பார்சிலோனாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தனியாக ஓடி, கோல்காப்பாளரைச் சுற்றிப் போட்ட கோலை எந்தச் செல்சி ரசிகரும் விலை சொல்லி மதிப்பிடமாட்டார். அலெக்ஸிஸ் சான்செஸ் கதையில் அந்த ஆறுதலும் இல்லை. 2018 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அவரைப் பியானோ வாசிக்கவைத்து அழகாகப் படம்பிடித்து அறிவித்தது. 45 ஆட்டங்களில் 5 கோலோடு அது முடிந்தது.

இப்படிப் பெயரைக் கேட்டுப் பொங்கும் ரசிகர்களிடம், பெயர் தெரியாமல் வந்தவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். 2022 கோடையில் நப்போலி ரசிகர்கள் கடும் கோபத்தில் இருந்தார்கள். கூலிபாலி, மெர்டென்ஸ், இன்சிக்னே என்று அணியின் தூண்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஹ்விச்சா க்வாரட்ஸ்கேலியா. விலை சுமார் 1 கோடி யூரோ, பெயரை உச்சரிக்கவே பலருக்கு வரவில்லை. மறு ஆண்டு மே மாதம், மரடோனா காலத்துக்குப் பிறகு முதன்முறையாக, நப்போலி லீக் பட்டம் வென்றது.

சென்னையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, ஓய்வை நெருங்கிய உலகப் பெயர்களை ஒவ்வொரு அணியும் அழைத்துவந்தது. சென்னையின் எஃப்சிக்கு வந்தவர்கள் பிரேசிலின் எலானோவும், 2006 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய இத்தாலியர் மட்டெராஸியும். நேரு ஸ்டேடியம் அந்தப் பெயர்களுக்காக நிறைந்தது. எலானோ ஏமாற்றவில்லை, அந்த முதல் சீசனில் 8 கோலோடு லீக்கிலேயே அதிகம் அடித்தவர் அவர்தான். ஆனால் சென்னைக்கு முதல் பட்டம் வாங்கித்தந்தது, எந்த ஆரவாரமும் இல்லாமல் வந்த கொலம்பியா இளைஞர் ஸ்டீவன் மெண்டோசா. 2015-இல் 13 கோல். அந்த டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததால், சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் 3-2 என்ற வெற்றிக் கோலை அடித்தவர் அவர். ஊர் அந்த வாரம் கண்ட ஒரே நல்ல செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

கல்கத்தாவுக்கு இந்த உணர்ச்சி இன்னும் பழையது. ஆட்டக்காரர் கிளப் மாறும் பருவம் வந்தால், கையெழுத்துப் போடும் நாள்வரை எதிர் கிளப் கண்ணில் படாமல் அவர்களை ஒளித்துவைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1980-இல், பல ஆட்டக்காரர்கள் ஒரேயடியாக விலகிப்போய் ஈஸ்ட் பெங்கால் தவித்தபோது, அலிகார் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த ஈரானியர் மஜித் பிஷ்கர் அந்த அணிக்கு வந்தார். அங்கே ஆடியது சில ஆண்டுகளே. ஆனால் 2019-இல் கிளப்பின் நூற்றாண்டு விழாவுக்கு அவர் திரும்பி வந்தபோது, விமான நிலையத்தில் அகால நேரத்தில் ஒரு கூட்டமே காத்திருந்தது. அவர் ஆடிப் பார்த்திராத தலைமுறையும் அதில் இருந்தது.

விமான நிலைய வரவேற்பு என்றால் இன்று இஸ்தான்புல்தான். 2013-இல் ட்ரோக்பா, 2024 செப்டம்பரில் விக்டர் ஒசிம்ஹென் என்று காலடசராய் ரசிகர்கள் வாசலிலேயே தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். ஒசிம்ஹென் வந்தது ஒரு வருட இரவலுக்கு. 37 கோல் அடித்து லீக்கையும் கோப்பையையும் வென்றுகொடுத்ததும், 7.5 கோடி யூரோ கொடுத்து அவரை நிரந்தரமாக எடுத்தார்கள். துருக்கியில் அதுவரை கேள்விப்படாத தொகை அது. இந்தக் கூட்டங்களுக்கு இப்போது தொழில்நுட்பமும் துணை. ஆட்டக்காரர் ஏறிய விமானம் எங்கே பறக்கிறது என்று கைபேசியில் பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். செய்தியாளர் ஃபப்ரீசியோ ரொமானோ தன் வழக்கமான மூன்று சொல்லில் ஒப்பந்தத்தை உறுதிசெய்துவிட்டால் கிளப் அறிவிக்கும் முன்பே கொண்டாட்டம் தொடங்கிவிடும். பெண்கள் கால்பந்துக்கும் இது வந்து சேர்ந்திருப்பது மகிழ்ச்சியான மாற்றம். 2025 ஜனவரியில் பெண்கள் கால்பந்தின் முதல் 10 லட்சம் டாலர் ஆட்டக்காரராக நயோமி கிர்மா செல்சிக்கு வந்தபோது, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் ஆட்டம் பார்க்க வந்திருந்த பெருங்கூட்டத்தின் முன் அறிமுகப்படுத்தப்பட்டார். முந்தைய தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகள் பலருக்கு இப்படி ஒரு நிமிடம் வாய்த்ததே இல்லை.

மகிழ்ச்சியை விற்பனைப் பொருளாக்கும்போது அது கசப்பாகும் வேகத்துக்குப் பாரிஸ்தான் சாட்சி. 2017 ஆகஸ்டில் நெய்மாருக்கு பிஎஸ்ஜி கொடுத்த 22.2 கோடி யூரோவை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஈஃபில் கோபுரத்தில் வரவேற்பு விளக்கு எரிந்தது. 2021-இல் மெஸ்ஸி வந்தார், விமான நிலையத்திலேயே கூட்டம் நெரிந்தது. எம்பாப்பே ஏற்கெனவே அங்கே இருந்தார். மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு ஆண்டிலும் சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியைக்கூட எட்டவில்லை. 2023-இல் மெஸ்ஸியை மைதானத்திலேயே கேலிக்கூச்சல் வரவேற்றது. நெய்மாரின் வீட்டு வாசலுக்கே போய் ரசிகர்கள் கோஷமிட்டார்கள். வீட்டு வாசலுக்குப் போனது அத்துமீறல்தான். ஆனால் ஆறு ஆண்டுகளாக அணியைக் காட்டாமல் பெயர்களை மட்டுமே காட்டிவந்த நிர்வாகத்துக்கு அந்தக் கோபத்தில் பெரும்பங்கு உண்டு.

2024 ஜூலை 16 அன்று எம்பாப்பே பெர்னபேவில் அறிமுகமானார். சுமார் 80,000 பேர் வந்தார்கள். சிறுவயதில் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்த ரொனால்டோவைப் போலவே கூட்டத்தை மூன்று வரை எண்ணவைத்தார். முதல் சீசனில் 44 கோல் அடித்து ஐரோப்பியத் தங்கக் காலணி விருதும் பெற்றார். அவர் தன் பங்கைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. மாட்ரிடுக்கோ லீக்கும் இல்லை, ஸ்பெயின் கோப்பையும் இல்லை, சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை. அவர் விட்டுவந்த பிஎஸ்ஜி 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என வீழ்த்தி முதன்முறையாக ஐரோப்பியப் பட்டம் வென்றது. இரண்டு கோல் அடித்த தெசிரே துவேவுக்கு வயது 19. கடைசிக் கோலை அடித்த சென்னி மயூலு அந்த கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். அவரும் அதே வயதுதான். ஆறு வாரம்கூட ஆகவில்லை, கிளப் உலகக்கோப்பை அரையிறுதியில் பிஎஸ்ஜியும் மாட்ரிடும் மோதின. பிஎஸ்ஜி 4, மாட்ரிட் 0.